நாற்பத்தொன்பதாவது தாள்

தொழிற்சாலையில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் கத்திரி அக்கா என்பார்கள். அளவுகோலைத் தொடாமல், கண்ணால் பார்த்தே, "இது அரை மில்லிமீட்டர் கூட இருக்கு" என்று சொல்லிவிடுவாள். எடுத்து அளந்தால் அப்படியே இருக்கும். இருபது வருடம் துணி வெட்டிய கண் அது. பள்ளிச் சீருடை, கோட்டு, ஜன்னல் திரை, கார் இருக்கைக்கு உறை என்று அவள் கத்திரி போகாத துணி கிடையாது.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு தப்பான புரிதலில்தான். பறக்கும் டாக்சி செய்கிற கம்பெனி ஒன்று ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருந்தது. 'தையல் தெரிந்தவர்கள் தேவை' என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். இருக்கைக்கு உறை தைக்கத்தான் ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தன் சொந்தக் கத்திரியையும் நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே தையல் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை அறை. எல்லோரும் தலைக்குத் தொப்பியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு, மேசைமேல் கருப்புத் துணியைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

"மெஷின் எங்கே மேடம்?" என்று கேட்டாள்.

"மெஷின் கிடையாது அக்கா. ஊசியும் கிடையாது, நூலும் கிடையாது" என்றாள் பொறியாளர். முப்பது வயது இருக்கும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவள்.

"பின்ன என்னத்தைத் தைக்கிறது?"

பொறியாளர் சிரித்துவிட்டு ஒரு தகட்டை எடுத்து நீட்டினாள். உள்ளங்கை அகலம், சிலேட்டுப் பலகை கனம், கன்னங்கரேலென்று பளபளத்தது. உடைத்துக் காட்டச் சொன்னாள். கத்திரி முழங்காலில் வைத்து அழுத்தினாள். மேசை விளிம்பில் வைத்து ஏறி மிதித்துக்கூடப் பார்த்தாள். தகடு அசைந்து கொடுக்கவில்லை.

"இதுவும் துணிதான். நாலு மணி நேரம் முன்னாடி இந்த மேசைமேல கிடந்த துணி" என்றாள் பொறியாளர்.

கத்திரி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் ஓடியது தெரிந்தது. நெசவு தெரிந்தது. ஆனால் கல் மாதிரி இருந்தது. சின்ன வயதில் முதல்முதலாகப் பனிக்கட்டியைத் தொட்டபோது, இது தண்ணீர்தானா என்று நம்பாமல் நக்கிப் பார்த்தவள் அவள். இப்போதும் அப்படி ஒரு ஆசை வந்தது. அடக்கிக்கொண்டாள். மறுவாரமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது குழாய் வேலை. பறக்கும் டாக்சியில் ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே, இருக்கைக்கும் தரைத்தட்டுக்கும் நடுவில், நாலு மூலையிலும் நாலு குழாய் நிற்கும். முழங்கை நீளம், சதுர வடிவம், மூலைகள் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். உள்பக்கம் அராமிட் என்கிற மஞ்சள் துணி, வெளியே கருப்புக் கார்பன் துணி. மொத்தம் பன்னிரண்டு அடுக்கு. சில அடுக்கு முழுத்துணி. சில, மூலைகளுக்கு மட்டும் போடுகிற இரண்டு விரல் அகலப் பட்டை. துணியில் ஏற்கெனவே பிசின் தோய்ந்திருக்கும். அதனால் ஃபிரீசரில் உறையவைத்துத்தான் பாதுகாப்பார்கள். வெளியே எடுத்து அரை நாள் குளிர் தணியவிட்டு, அச்சின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, சுருக்கம் விழாமல் நீவி, பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி, கடைசியில் ஒரு லாரி நுழைகிற அளவு பெரிய அடுப்பில் அழுத்தம் கொடுத்து வேகவைப்பார்கள். அந்த அடுப்புக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எல்லோரும் குக்கர் என்றே சொன்னார்கள்.

குழாய் எதற்கு என்று முதல் நாளே பொறியாளர் சொல்லிக் கொடுத்திருந்தாள். உயரத்தில் ஏதாவது நடந்தால் பாராசூட் இருக்கிறது. தரையை ஒட்டி, ஒரு மாடி உயரத்தில் மோட்டார் நின்றுபோனால் அது விரியவே நேரம் இருக்காது. காருக்காவது முன்னால் நசுங்குவதற்கு நீளமாக மூக்கு இருக்கிறது. இதில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது ஒரு முழம். விழுகிற வேகம் முழுவதையும் அந்த ஒரு முழத்துக்குள் கரைத்தாக வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அதையே புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். விழுவதைப் பற்றி அவனுக்கும் கொஞ்சம் தெரியும்.

"இதுக்குப் போய் இவ்வளவு பாடா? ஒரு நல்ல ஸ்பிரிங்கா வெச்சா முடிஞ்சுது. எங்க லிஃப்ட்டுக்குக் கீழ, குழிக்குள்ள, அதைத்தானே வெச்சிருக்கோம்" என்றான்.

"நானும் அதைத்தாங்க கேட்டேன். லிஃப்ட் மெதுவா வந்து உட்காருமாம், அதுக்குச் சரியாம். இங்க வேகம் ஜாஸ்தி. ஸ்பிரிங் வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடும், கீழ வந்த ஆளை மேல தூக்கி எறிஞ்சிடும். இந்தக் குழாய் அப்படி இல்ல. வாங்கினா வாங்கினதுதான். திருப்பித் தராது."

"உன் தம்பிக்கு நான் குடுத்த குடை மாதிரி."

"ஆமா, அந்தக் குடையை விடவே மாட்டீங்க." அவள் சிரித்துவிட்டாள். "நீங்க கேளுங்க. இரும்பு விழுந்தா மடங்கும். இது மடங்காதாம், கீழ் முனையிலிருந்து பொடிப்பொடியா நொறுங்குமாம். உள்ள லட்சக்கணக்குல இழை இருக்கு. ஒவ்வொரு இழையும் அறுகிறப்ப கொஞ்சம் வேகத்தைத் தின்னுடுமாம்."

"அப்ப நீ உடையறதுக்குன்னே ஒரு சாமான் செய்யறே."

"ஒழுங்கா உடையறதுக்கு" என்றாள் அவள்.

சொல்லிவிட்டாளே தவிர, ஒழுங்காக உடைவது என்றால் என்னவென்று அவளுக்கே அப்போது தெரியாது. சோதனைக் கூடம் தனிக் கட்டிடம். துணி ஒட்டுகிறவர்கள் அங்கே போவதில்லை. குழாய்கள் இங்கிருந்து பெட்டியில் போகும், திரும்பி வராது. மூன்று வருடம் இப்படியே ஓடியது.

துணி ஒட்டும் வேலையில் தப்பிக்க முடியாத ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் மெல்லிய நீலப் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். துண்டை அச்சில் பதித்துவிட்டு அந்தத் தாளை உரித்து, பக்கத்துத் தட்டில் போட வேண்டும். கடைசியில் தட்டிலிருக்கும் தாள்களை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு இருக்கைக்கு நாலு குழாய், குழாய்க்குப் பன்னிரண்டு, ஆக நாற்பத்தெட்டு. ஒன்று குறைந்தால், உரிக்காத தாள் ஏதோ ஓர் அடுக்குக்குள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அவர்களுடைய மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பெயர். எந்தக் கேள்விக்கும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவரே இந்த எண்ணிக்கைக்கு மட்டும் அவசரப்படுத்த மாட்டார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் எண்ணினாள். நாற்பத்தெட்டு இருந்தது. கையெழுத்துப் போட்டாள். குழாய்கள் குக்கருக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷனுடைய காலுறையில் ஒன்று காணவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் தேடினான், வாளிக்குள் தேடினான், வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுத் தேடினான். கடைசியில் தலையணை உறையை அவள் உதறியபோது உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தாள். காலுறைதான். இரண்டு மடிப்புக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு, தட்டையாக, இருக்கிற இடமே தெரியாமல் கிடந்திருக்கிறது.

"பாத்தியா, உள்ளயே ஒக்காந்துக்கிட்டு எனக்குத் தண்ணி காட்டியிருக்கு" என்றான் அவன்.

அவள் காலுறையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பட்டையைக் கோணம் மாற்றி வெட்டிவிட்டாள். அச்சில் பதித்து, நீலத் தாளை உரித்த பிறகுதான் இழை தப்பான பக்கம் ஓடுவது கண்ணில் பட்டது. பட்டையைப் பிய்த்தெடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டாள். கசக்கும்போது இரண்டு பக்கமும் பிசுபிசுவென்று கையுறையில் ஒட்டியது நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் அதன் தாள் தட்டுக்குப் போய்விட்டது. வேறு பட்டை வெட்டி ஒட்டினாள். ஆக அந்த நாலு குழாய்க்கும் அவள் பதித்தது நாற்பத்தெட்டு துண்டு இல்லை, நாற்பத்தொன்பது. தட்டில் நாற்பத்தொன்பது தாள் இருந்திருக்க வேண்டும்.

காலுறையைக் கட்டிலில் போட்டாள்.

"என்னம்மா ஆச்சு? முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றான் புருஷன்.

சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"பேப்பர்ல எல்லாம் சரியாத்தான இருக்கு? நாப்பத்தெட்டுக்கு நாப்பத்தெட்டு."

"இருக்கு."

"யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே இப்பதான் தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் அந்தக் காலுறையையே பார்த்தான். "வேலையெல்லாம் முடிச்சு மூடினப்புறம் என் கையில ஒரு போல்ட்டு மிஞ்சியிருந்தா, நான் அந்த லிஃப்ட்டைத் திறந்து விட்டுட்டு வீட்டுக்கு வரமாட்டேன்" என்றான். பிறகு, "உனக்கு வேலை போயிடுமோ?" என்று கேட்டான்.

"தெரியலைங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கடிகாரத்தின் மேசைமுன் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மணிக்கட்டைப் பார்த்தார். புதன்கிழமை சோதனை. குழாய்கள் வெந்து, முனை சீவி, தயாராக இருந்தன. "ஏம்மா, நல்லா யோசிச்சுப் பாத்தியா? ஒருவேளை அந்தப் பட்டையோட தாளும் குப்பைக்கே போயிருந்தா?" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது.

"பட்டை கையில ஒட்டுச்சு சார், ரெண்டு பக்கமும். தாள் தனியாத்தான் போச்சு."

பொறியாளரைக் கூப்பிட்டார்கள். அவள் நாலு குழாயையும் எடுத்துக்கொண்டுபோய் ஒலி அலைக் கருவியில் வைத்துத் தேடச் சொன்னாள். கருவியின் முனை குழாயின்மேல் மெதுவாக ஊர்ந்தது. திரையில் பச்சைக் கோடு ஒரே சீராக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எதிலும் எதுவும் தெரியவில்லை. கத்திரிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இல்லாத ஒன்றைக் கிளப்பிவிட்டு எல்லோர் பிழைப்பையும் கெடுக்கிறோமோ என்று தோன்றியது.

"ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார் கடிகாரம், நிம்மதியாக.

"சமமான இடத்துல இருந்தா தெரியும் சார். மூலை வளைவுல, அதுவும் இவ்வளவு மெலிசா, நல்லா ஒட்டிக்கிட்டு இருந்தா இந்த மெஷினுக்குத் தெரியாது." பொறியாளர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "அக்கா, நீங்க புதுசா நாலு செய்யுங்க. அடுத்த வாரம் அதை வெச்சு சோதனை. புதன்கிழமை இந்த நாலையே போடுவோம். தப்பு உள்ள இருந்தா அது என்ன செய்யும்னு நமக்கும் தெரியணுமே. நீங்களும் வந்து பாருங்க."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் சோதனைக் கூடத்துக்குள் போனது இப்படித்தான்.

கோயில் மண்டபம் மாதிரி உயரமான கூடம். நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள் கூரையைத் தொட்டன. அவற்றின் நடுவே ஒரு மேடை, மேடைமேல் இருக்கை, இருக்கைக்குக் கீழே அவளுடைய நாலு குழாய். இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, பளபளப்பான ஷூ. கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். ரப்பர் தோலும் இரும்பு முதுகெலும்பும் உள்ள பொம்மை. அதைப் பார்த்துக்கொள்கிற தொப்பைக்காரர் ஒருவர், அதன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாங்கம்மா. மாப்பிள்ளையைப் பாத்துட்டீங்களா?" என்றார்.

"இவருதான் மாப்பிள்ளையா?"

"பின்ன? குளிப்பாட்டி, துணி மாத்தி, ஷூ மாட்டி, அலுங்காம குலுங்காம ஒக்கார வெக்கிறேன். அறை சூடு கொஞ்சம் ஏறினாலும் கோச்சுக்குவார், கணக்குத் தப்பாக் காட்டுவார். வேற என்னன்னு கூப்பிடறது?"

இருந்த பயத்திலும் கத்திரியின் கண் சட்டைக்குப் போனது. "மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை ஒரு சுத்துப் பெரிசு" என்றாள்.

தொப்பைக்காரர் மாப்பிள்ளையின் இடுப்புக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு கருவி இருக்கிறது. விழும்போது கீழ் முதுகெலும்பு எவ்வளவு சுமை தாங்குகிறது என்று அது சொல்லும். மனிதனுக்கு எல்லை ஏறக்குறைய அறுநூற்று எண்பது கிலோ. அதற்கு மேலே போனால் எலும்பு நொறுங்கும் அபாயம்.

எல்லோரும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் போனார்கள். மேடை மெல்ல மேலே ஏறியது. முதல் மாடி ஜன்னல் உயரத்தில் நின்றது. மாப்பிள்ளை அங்கிருந்து அவர்களைக் கவனிக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எண்ணினார்கள். ஐந்து, நாலு, மூன்று.

இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு உள்ளேயே, காய்ந்த விறகைப் பிளக்கிற மாதிரி இன்னொரு சத்தம். கத்திரி கண்ணைத் திறந்தபோது இருக்கை இடது பக்கம் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளையின் தலை தோளில் தொங்கியது. கருப்புத் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

திரையில் எண் வந்தது. தொள்ளாயிரத்து முப்பது.

பொறியாளர் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு இருக்கைக்குக் கீழே குனிந்தாள். மூன்று குழாய் பாதி நொறுங்கியிருந்தது. நாலாவது நொறுங்கவே இல்லை. மூலையில் மேலிருந்து கீழ்வரை பிளந்து, இரண்டு பாளமாக விரிந்து மடங்கியிருந்தது. பிளந்த வாய்க்குள் விளக்கு பட்டதும் ஒரு மெல்லிய விளிம்பு மின்னியது.

"அக்கா, இங்க வாங்க" என்றாள்.

நீலம். வெங்காயச் சருகைவிட மெல்லியது. விரல் நீளம்கூட இல்லை. அந்தச் சருகு நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்க அடுக்கையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் செய்திருந்தது. அழுத்தம் வந்ததும் அடுக்குகள் பிரிந்துகொண்டன. ஒரு குழாய் கைவிட்டதும் மற்ற மூன்றுக்கும் சுமை ஏறுமாறாகப் போய்விட்டது.

"இது ஆளா இருந்திருந்தா?" என்று கத்திரி தொப்பைக்காரரைக் கேட்டாள்.

அவர் மாப்பிள்ளையின் தலையைத் தூக்கி நேராக வைத்துக்கொண்டிருந்தார். "உசுரு இருக்கும்மா. எழுந்து நடக்கறதுதான் சந்தேகம்" என்றார்.

கடிகாரம் பக்கத்தில் வந்து நின்றார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. "நான் விட்டுடலாம்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார். அன்றே ஓர் உத்தரவு எழுதி ஒட்டினார்: தப்பாக வெட்டிய துண்டுகளையும் இனி கணக்கில் சேர்க்க வேண்டும், எண்ணிக்கையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கத்திரிக்கு வேலை போகவில்லை. அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

புது நாலு குழாயை அவள் இரண்டு நாளில் செய்தாள். ஒவ்வொரு மூலையையும் விரல் நுனியால் நீவியபோது அந்தப் பிளந்த வாய் கண்முன் வந்தது. முனையைச் சீவுகிறவர்களிடம் போய், எதற்காகச் சீவுகிறார்கள் என்று முதல் தடவையாகக் கேட்டாள். பென்சில் மாதிரி சரித்துச் சீவினால்தான் நொறுங்கல் அந்த நுனியில் ஆரம்பித்து ஒழுங்காக மேலே ஏறும் என்றார்கள்.

மறு புதன்கிழமை மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தார். தோள்பட்டை கச்சிதமாக இருந்தது. கத்திரி வீட்டில் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்தது.

"மாப்பிள்ளை, தைரியமா இருங்க" என்று அவர் காதில் சொல்லிவிட்டுத் தொப்பைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் வந்தார்.

மேடை ஏறியது. எண்ணினார்கள். விழுந்தது.

இந்த முறை சத்தமே வேறு. விறகு பிளக்கவில்லை. ஒரு பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு இருபது வருடப் பழக்கம். நேர் இழையில் பிசகாமல் போகிற கிழிசல் அது. கண்ணைத் திறந்து பார்த்தாள். இருக்கை தாழ்ந்திருந்தது, ஆனால் சமமாக இருந்தது. மாப்பிள்ளை கையைத் தொடைமேல் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐநூற்று இருபது.

கூடத்தில் ஒரே கைதட்டல். கத்திரி தட்டவில்லை. பொறியாளர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கணினிமுன் உட்காரவைத்தாள். வேகமாகப் படம்பிடிக்கிற கேமரா எடுத்ததை மெதுவாக ஓட்டினாள்.

மேடை தரையைத் தொட்டது. குழாயின் சீவிய நுனி முதலில் மங்கலானது, பிறகு விரிந்தது. கருப்பு அடுக்குகள் நாலு பக்கமும் இதழ் இதழாக வெளியே சுருண்டன. சுருண்ட இடத்திலேயே உடைந்து பொடியாகப் பறந்தன. அதற்குப் பின்னாலேயே அடுத்த இதழ், அதற்குப் பின்னால் அடுத்தது. ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. நாலு குழாயும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒரே உயரத்தில் குறைந்துகொண்டே வந்தன. உள்ளே இருந்த மஞ்சள் துணி மட்டும் அறாமல், உடைந்ததையெல்லாம் அள்ளி அணைத்துப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாசத்துக்கும் மேலே, படகில் உட்கார்ந்தவர் போல, மாப்பிள்ளை மெதுவாகக் கீழே இறங்கினார்.

"இது எவ்வளவு நேரம் நடந்துச்சு மேடம்?"

"ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க அக்கா."

சிமிட்டினாள்.

"அதுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல."

இரண்டு நாள் வேலை. நாற்பத்தெட்டு துண்டு. அத்தனை வெட்டும், அத்தனை நீவலும், அந்தச் சிமிட்டலின் ஒரு துணுக்குக்குள் முடிந்துவிட்டது. முடிந்த விதத்தில், அவள் போட்ட ஒவ்வொரு அடுக்கும் தன் முறை வந்தபோது தன் வேலையைச் செய்ததை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். திரும்ப ஓட்டச் சொன்னாள். நாலு தடவை பார்த்தாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு போய், மிச்சமிருந்த குழாயின் அடிக்கட்டையைத் தொட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது புருஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "பொடியானது எங்க போச்சு?" என்று கேட்டான். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஆனாலும் அவன் கேட்டது பொடியை இல்லை, அவளுடைய இரண்டு நாள் வேலையை என்று தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து, கூரை உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு சோதனை வண்டியின் மோட்டார்கள் திடீரென்று நின்றுபோயின. ஓட்டியவர் ஒருவர் மட்டும்தான் உள்ளே. வண்டி கான்கிரீட் தளத்தில் அடித்து விழுந்தது. இறக்கைகள் பிய்ந்துபோயின. செய்தி தொழிற்சாலைக்கு வந்தபோது எல்லோரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்றார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த செய்தி வந்தது. அவரே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாராம். நடந்தே ஆம்புலன்ஸ் வரைக்கும் போனாராம்.

ஒரு மாதம் போனதும் அவர் நேரில் வந்தார். நெட்டையான மனிதர், கழுத்தில் பட்டை போட்டிருந்தார். பொறியாளர்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை அறைக்குள் வர அவருக்கும் தொப்பியும் கோட்டும் மாட்டிவிட்டார்கள். கோட்டு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. கத்திரியின் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"என் சீட்டுக்குக் கீழ இருந்தது நீங்க செஞ்சதுன்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப அடிபட்டுச்சுங்களா?"

"கழுத்துல கொஞ்சம் பிடிப்பு. டாக்டர் அளந்து பாத்தாரு. அரை சென்டிமீட்டர் குள்ளமாயிட்டேனாம். வீட்டுல சொன்னேன், இருக்கிற உயரத்துக்கு அது போனா போகட்டும்னுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் அச்சைப் பார்த்தார். பாதி வேலையில் இருந்த குழாய். ஆறு அடுக்கு ஏறியிருந்தது. "நான் தொடலாமா?" என்றார்.

"கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க."

மாட்டிக்கொண்டு ஒரு விரலால் மூலையைத் தொட்டார். துணி அமுங்கியது. "இவ்வளவு மெத்துன்னு இருக்கே" என்றார் அதிர்ந்துபோய். "இதுவா?"

"இதுதாங்க. இன்னும் வேகலை."

அவர் விரலை எடுக்கவில்லை. விழுந்தபோது என்ன தெரிந்தது என்று யாரோ கேட்டார்கள். யோசித்துவிட்டுச் சொன்னார்: "தரை வருதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் யாரோ எனக்குக் கீழ கையைக் குடுத்து வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு, கத்திரி அடுத்த துண்டை எடுத்து, பதித்து, நீவி முடிக்கிறவரை அங்கேயே நின்று பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பேருந்தில் அவளுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் இருந்த இருக்கைகளில் ஆட்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து களைத்துப்போய்க் கூனிய முதுகு ஒன்று. புத்தகப் பை அழுத்திய சின்ன முதுகு ஒன்று. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்ட ஒருத்தியின் முதுகு. அந்தத் தோளுக்கு மேலே சட்டை போடாத குழந்தையின் முதுகு, நடுவில் மணி கோத்தாற்போல் சின்னச் சின்ன எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. குழந்தை மூச்சு விடும்போது அந்த மணிகள் மெல்ல அசைந்தன. பேருந்து ஒரு குழியில் இறங்கி ஏறியது. எல்லா முதுகும் ஒன்றாகத் தூக்கிப்போட்டு ஒன்றாக அமர்ந்தன. கத்திரி கண் எடுக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.